2024–25 ஆண்டறிக்கை: சங்க நடப்புகளும் மாசி வீதி உணவு நடையும்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய உள்ள ஓராண்டுக்கான அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். போன வருடம் நான் அறிக்கை படித்தபோது பின்வரிசையில் இருவர் தூங்கிவிட்டார்கள். இந்த முறை சாப்பாட்டு விஷயம் நிறைய இருப்பதால் அப்படி நடக்காது என்று நம்புகிறேன்.

வழக்கமான விவரங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு ஒன்பது முறை கூடியது. ஆண்டுத் தொடக்கத்தில் 112 உறுப்பினர்கள் இருந்தோம். புதிதாக 9 பேர் சேர்ந்தார்கள், 4 பேர் வீடு மாறிப் போனார்கள், மூத்த உறுப்பினர்கள் இருவர் காலமானார்கள். ஆக இப்போது 115 பேர். மறைந்த இருவருக்கும் கூட்டத் தொடக்கத்திலேயே அஞ்சலி செலுத்திவிட்டோம். தெருவிளக்கு, சாக்கடை, நாய்த் தொல்லை மூன்றும் போன வருட அறிக்கையில் எப்படி இருந்தனவோ அப்படியே இருக்கின்றன. மனுக்களின் நகல் கோப்பில் உள்ளது.

இனி உணவு நடை. இந்த யோசனை போன பொதுக்குழுவில்தான் கிளம்பியது. நம் உறுப்பினர் ஒருவரின் பேரன் பெங்களூரிலிருந்து விடுமுறைக்கு வந்தவன், காசு கட்டி, வழிகாட்டியோடு மதுரை பழைய நகருக்குள் மூன்று மணி நேரம் நடந்து தின்றுவிட்டு வந்து, "தாத்தா, விளக்குத்தூண் யாருக்காக வச்சது, சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டிருக்கிறான். அறுபது வருடமாக தீபாவளிக்குத் துணி எடுக்க அந்தத் தூணைச் சுற்றியே போய்வந்தவருக்குப் பதில் தெரியவில்லை. அந்த ரோஷத்தில் அவர் எழுந்து, சங்கமே ஒரு நடை நடத்த வேண்டும் என்றார். கைதட்டல் பலமாக இருந்தது. எனக்கும் ஆசைதான்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை நடந்த முதல் நடை படுதோல்வி. அதை மறைத்து எழுத மனம் வரவில்லை. சுற்றுலா ஏற்பாடு செய்யும் ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்தோம். எத்தனை பேர் வந்தாலும் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். நாமும் வர விரும்பிய எல்லோரையும் சேர்த்தோம், 41 பேர். வழிகாட்டி என்று அனுப்பப்பட்டது ஒரே ஒரு தம்பி. அவர் குரல் பத்தாவது ஆளுக்கே கேட்கவில்லை. முதல் கடையில் பஜ்ஜிக்கு வரிசையில் நின்றதிலேயே முக்கால் மணி நேரம் போனது. அதற்குள் எட்டுப் பேர் ஜவுளிக் கடைக்குள் நுழைந்துவிட்டார்கள்.

அப்புறம் தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் ஓர் அம்மா நடத்தும் இட்லிக் கடை. சாயங்காலம் ஐந்தரைக்கு அடுப்பு மூட்டுவார். கீழமாசி வீதி பலசரக்கு மொத்த வியாபாரக் கடைகளில் மூட்டை தூக்குகிற ஆட்கள் வேலை முடிந்து வந்து சாப்பிடும் இடம் அது. நாம் 41 பேரும் ஆறு மணிக்குப் போய் நின்றோம். கால் மணி நேரத்தில் ஈடு ஈடாக வெந்த இட்லி தீர்ந்தது, சட்னிச் சட்டி தீர்ந்தது, மாவும் தீர்ந்தது. ஆறரைக்கு தோளில் துண்டோடு வந்த ஏழெட்டுப் பேர் காலிச் சட்டியைப் பார்த்தார்கள், நம்மைப் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்கள். நாம் அங்கே ருசி பார்க்க வந்தவர்கள். அவர்களுக்கு அது ராத்திரிச் சாப்பாடு. நடை அத்தோடு கலைந்தது. கூட்டத்தைச் சேர்த்த பொறுப்பு என்னுடையது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

இரண்டாவது முயற்சிக்கு மழை விட்டு டிசம்பர் பிற்பாதி வரை காத்திருந்தோம். தீபாவளிக்கு முன்னால் மாசி வீதிகளில் நிற்கவும் இடமிருக்காது. சித்திரைத் திருவிழாச் சமயத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், தேர் ஓடும் வீதிகளே அவைதான். இந்த முறை தனியாக நடை நடத்தும் இளம்பெண் ஒருவரைப் பிடித்தோம். வரலாறு படித்தவர். பேசப் போன என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை பேர் சார்?" நாற்பது என்றேன். "அப்ப மூணு தடவை வாங்க" என்று சொல்லிவிட்டார். பதினான்கு பேருக்கு மேல் ஒருவர் வந்தாலும் நடத்த மாட்டாராம். காசு கூடத் தருகிறோம் என்றும் பேசிப் பார்த்தேன், அசையவில்லை.

அவருடைய நிபந்தனைகள் இன்னும் சில. மதியம் அரை வயிறுதான் சாப்பிட வேண்டும். சர்க்கரை, கொலஸ்ட்ரால், வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதது எல்லாம் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். ஆளுக்கு ஒரு டம்ளர் வீட்டிலிருந்து எடுத்து வர வேண்டும். ஒருமுறை தூக்கி எறியும் பிளாஸ்டிக் கப்புக்கு 2019 ஜனவரியிலிருந்தே தமிழ்நாட்டில் தடை இருக்கிறது, காகிதக் கப்பில் சூடாக எதையும் ஊற்றிக் குடிக்க அவருக்கு மனமில்லை. எந்தக் கடையிலும் யாரும் தனியாக முழுத் தட்டு வாங்கக் கூடாது. கடைக்காரர்களுக்கு இரண்டு நாள் முன்பே சொல்லி, பணத்தையும் முன்பே கொடுத்துவிடுகிறார். கூட்டம் வருவதற்கு முந்தைய நேரமாகப் பார்த்துத்தான் ஒவ்வொரு கடைக்கும் நம்மைக் கூட்டிப்போனார். இதையெல்லாம் நாம் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.

14, 13, 12 என்று மூன்று சனிக்கிழமைகளில் 39 பேர் நடந்தார்கள். மேலமாசி வீதியில் சாயங்காலம் நாலே முக்காலுக்குத் தொடக்கம். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேல்சட்டையை விட்டு அரை வேட்டிக்கு மாறிய வீடு அந்த வீதியில்தான் இருக்கிறது. அதன் எதிரில் நிறுத்தி வீதிகளின் கணக்கைச் சொன்னார். கோயில் மதிலுக்குள் ஆடி வீதி, வெளியே வந்தால் சித்திரை, அதற்கு அடுத்து ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி, கடைசியில் வெளி வீதி. சதுரத்துக்குள் சதுரம். நமக்குத் தெரிந்ததுதான் என்று எல்லோரும் தலையாட்டினோம். மாசி வீதியில் ஏன் சித்திரையில் தேர் ஓடுகிறது என்று கேட்டதும் தலையாட்டல் நின்றது. மாசியில் நடந்துகொண்டிருந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றியதால் மாதம் நகர்ந்துவிட்டது, வீதியின் பெயர் நகரவில்லை.

முதல் ஆகாரம் பருத்திப்பால். தள்ளுவண்டியில் பித்தளை அண்டா, அடியில் சிறு அடுப்பு. வண்டிக்காரர் பேசும்போதும் கரண்டியை நிறுத்தவில்லை, நிறுத்தினால் அடிப்பிடித்துவிடும். பருத்திக்கொட்டையை ராத்திரி ஊறவைத்து, ஆட்டி, துணியில் இரண்டு மூன்று முறை பிழிந்து பால் எடுக்க வேண்டும். அதில் அரிசி மாவு கரைத்து, வெல்லம் சேர்த்து, சுக்கு ஏலம் தட்டிப்போட்டு, கடைசியில் தேங்காய்ப் பூ. நம் டம்ளர்களில் கால்வாசிதான் ஊற்றினார். சுக்குக் காரம் தொண்டையில் இறங்கியதும் கோரிப்பாளையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் ஒருவர், "முப்பது வருஷம் ஆச்சு இதைக் குடிச்சு" என்றார். வண்டி முப்பது வருடமாக அதே மூலையில்தான் நிற்கிறதாம். இவர்தான் பஸ்ஸில் போய்வந்திருக்கிறார்.

அடுத்தது தெற்குமாசி வீதிப் பக்கம் முள்ளுமுருங்கை வடை. இலையை அரிசியோடு அரைத்துத் தட்டி எண்ணெயில் போட்டால் பூரி மாதிரி உப்பி, கரும்பச்சையாக வரும். மேலே பொடி தூவித் தருகிறார்கள். சளிக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டே எல்லோரும் எண்ணெய்ப் பண்டம் தின்றோம். ஒரு வடை இரண்டு பேருக்கு.

பரோட்டாக் கடையில் பத்து நிமிடம் தின்னாமல் வெறுமனே நிற்கவைத்தார். எனக்கு அதுதான் மிகவும் பிடித்தது. ஊறிய மாவு உருண்டையை எண்ணெய் தடவிய கல்மேடையில் போட்டு, மாஸ்டர் இரண்டு கையாலும் விசிறுகிறார். மூன்றாவது விசிறலில் கீழே உள்ள மேடை தெரிகிற அளவுக்கு மெல்லிசாகிவிடுகிறது. உடனே மடித்து, சுருட்டி, ஓரமாக வைத்துவிட்டு அடுத்த உருண்டை. வெந்ததும் நாலைந்தை அடுக்கிப் பக்கவாட்டில் ஓங்கித் தட்டினால்தான் அடுக்கு பிரியும். "வீசுறது யார் வேணும்னாலும் கத்துக்கலாம்ணே, சூட்டோட தட்டுறதுக்குத்தான் கை மரத்திருக்கணும்" என்றார் மாஸ்டர், உள்ளங்கையைக் காட்டினார். பக்கத்திலேயே கறிதோசை: தடித்த தோசை, அதன் மேல் முட்டை, அதன் மேல் மசாலாவில் வெந்த கொத்துக்கறி, திருப்பிப் போட்டு எடுக்கிறார்கள். ஒன்றை நாலாக வெட்டி நாலு பேருக்கு. சைவ உறுப்பினர்களை எதிர்ச்சாரியில் பணியாரத்துக்குத் தனியாக அனுப்பினார். அங்கே ஏழு பேர் போவதாகப் பட்டியல். ஐந்து பேர்தான் போனார்கள். மற்ற இருவர் எங்கே இருந்தார்கள் என்பது அறிக்கைக்குத் தேவையில்லை.

பிறகு அதே இட்லி அம்மா. நான் கொஞ்சம் பின்னால்தான் நின்றேன். பார்த்துவிட்டார். "அன்னைக்கு வந்து சட்டிய வழிச்சிட்டுப் போனீகளே, அந்தக் கூட்டமா? என் ஆளுக அன்னைக்குப் பட்டினியால்ல போனாக." மன்னிப்புக் கேட்டேன். "சரி, உக்காருங்க" என்று ஸ்டூலைத் தள்ளினார். ஆளுக்கு இரண்டு இட்லி, நாலு வகைச் சட்னி. மிளகாய்ச் சட்னி கண்ணில் நீர் வரவைத்தது.

இங்கேதான் நம் தமிழாசிரியர் ஐயா வாய் திறந்தார். மதுரைக்காஞ்சியில் பகல் கடைத்தெரு நாளங்காடி, இரவுக் கடைத்தெரு அல்லங்காடி என்று இரண்டும் வருவதையும், தேனடை போன்ற மெல்லிய அடையும் மோதகமும் விற்ற கூவியர் நள்ளிரவில் உட்கார்ந்தபடியே தூங்கிவழிவதையும் சொன்னார். அந்தக் காலத்தில் மிளகாய் கிடையாது, அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக ஐந்நூறு வருடத்துக்குள் வந்தது, அதுவரை காரத்துக்கு மிளகுதான் என்று வழிகாட்டிப் பெண் சேர்த்துச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "மிளகா இல்லாம என்னத்தத் தின்னாகளோ பாவம்" என்றார். பிட்டுக்கு மண் சுமந்த கதையை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் மூன்று பேர் சொன்னார்கள்.

முடிவிடம் விளக்குத்தூண். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் நினைவாக நட்டது. கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்க்க வைத்தவர் அவர். அந்த இடத்தில்தான் வெளி வீதிகள். வேலையைப் பார்த்த பெருமாள் மேஸ்திரியும் மாரட்டும் இன்றும் தெருப்பெயராக இருக்கிறார்கள். பேரனிடம் தோற்ற உறுப்பினர் இதைச் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார்.

அங்கே ஜிகர்தண்டா. சுண்டக் காய்ச்சிய பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். மூன்று சனிக்கிழமைகளில் முதலாவதில் 13 கிளாஸுக்குத்தான் சொல்லியிருந்தோம், ஏனென்றால் நம் பொருளாளர் தனக்குச் சர்க்கரை இருப்பதால் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார். ரசீதில் 14 இருக்கிறது. ரசீதைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டவரும் பொருளாளரே.

உறுப்பினர்கள் சொன்ன குறைகளுக்கு வருகிறேன். மூன்று மணி நேரம் நடப்பவர்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்பது நியாயமானது. இரண்டாவது சனிக்கிழமையிலிருந்து வழியில் ஒரு லாட்ஜில் பேசிவைத்தோம். முழங்கால் வலிக்காரர்களுக்கு ஒவ்வொரு கடையிலும் இரண்டு ஸ்டூலாவது வேண்டும், அதையும் கேட்டிருக்கிறோம். 500 ரூபாய் கொடுத்தும் வயிறு நிறையவில்லை என்று ஆறு பேர் எழுதியிருக்கிறார்கள். இது பந்தி இல்லை, நடை. வயிறு நிறைந்தால் மூன்றாவது கடைக்கு மேல் கால் நகராது. அடுத்த வருடம் பஸ் வைத்து ஐம்பது பேரைக் கூட்டிப்போய் மைக்கில் சொல்லலாம் என்று ஒரு கடிதம் வந்திருக்கிறது. எழுதியவர் ஜூலை நடைக்கு வரவில்லை என்று நினைக்கிறேன். ஒரு வழிகாட்டிக்கு 14 பேருக்கு மேல் கூடாது என்பதைத் தீர்மானமாகவே செயற்குழு உங்கள் முன் வைக்கிறது, ஓட்டெடுப்பு உண்டு.

கணக்கு. முதல் நடைக்கு 41 பேரிடம் தலா 400 வீதம் வசூல் 16,400 ரூபாய். நிறுவனத்துக்கு முன்பணம் 10,000, அன்றைய தின்பண்டச் செலவு 1,900. நாலு கடிதம், எண்ணிலடங்காத போன்களுக்குப் பிறகு நிறுவனம் திருப்பித் தந்தது 4,000. உறுப்பினர்களுக்கு ஆளுக்கு 200 வீதம் 8,200 திருப்பிக் கொடுத்தோம். மீதம் 300. டிசம்பர், ஜனவரி நடைகளுக்கு 39 பேரிடம் 19,500 வசூல். வழிகாட்டிக்கு மூன்று நடைக்கும் 10,500, கடைகளுக்கு 7,020, மீதம் 1,980. இரண்டு மீதமும் பொது நிதியில் சேர்க்கப்பட்டுள்ளன. மற்ற வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார், ஜிகர்தண்டா பற்றிய கேள்விகளை அவரிடமே கேட்கலாம்.

அடுத்த வருடத்துக்கு வைகறை நடை ஒன்று யோசனையில் இருக்கிறது. அதிகாலையில் பூ மார்க்கெட், அப்புறம் சௌராஷ்டிரர் தெருக்களில் காலை ஆகாரம். நாலரைக்கு எழ முடிகிறவர்கள் மட்டும் பெயர் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. மூன்றாவது சனிக்கிழமை யாரோ மறந்துவிட்டுப் போன எவர்சில்வர் டம்ளர் ஒன்றைப் பருத்திப்பால் வண்டிக்காரர் பத்திரமாக வைத்திருந்து கொடுத்தார். அடியில் பெயர் தேய்ந்துவிட்டது, 14.9.1983 என்ற தேதி மட்டும் வெட்டியது வெட்டியபடி இருக்கிறது. கல்யாணச் சீர் டம்ளர் போலிருக்கிறது. சங்க அலமாரியில் இரண்டாவது தட்டில் வைத்திருக்கிறேன், சாவி என்னிடம் உள்ளது.

இப்படிக்கு,
செயலாளர்