கேலரிக்கு வானம் தோண்டும் முன் கோல் கம்பத்தைத் திருப்புங்கள்

அன்புள்ள காக்காமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் தம்பிகளுக்கும்,

நம் ஊர்க் கால்பந்துக் கழகத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவருக்கும், இந்த மன்னார் வளைகுடாவில் பிறந்து அந்த அரபு வளைகுடாவில் உழைத்துப் பணம் அனுப்பிக்கொண்டிருக்கும் ஊர்க்காரர்கள் அனைவருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். என் பெயரைச் சொன்னால் யார் என்று யோசிப்பீர்கள். ‘கோடு போடுகிறவர்’ என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 22 வருடங்களாக நம் மைதானத்துக்குக் கோடு போடுகிறவன் நான்தான்.

மூன்று முளைக்குச்சி, ஒரு கடப்பாறை, பழைய நைலான் கயிறு ஒன்று. கயிற்றில் 9.15 மீட்டரில் ஒரு முடிச்சு, 11 மீட்டரில் ஒன்று, 16.5 மீட்டரில் ஒன்று. நடுவட்டம், பெனால்டி புள்ளி, பெனால்டி கட்டம் எல்லாம் அந்த மூன்று முடிச்சுக்குள் அடக்கம். மூலை மட்டம் பார்க்கக் கொத்தனார் கணக்குத்தான்: மூன்று, நான்கு, ஐந்து. முன்பு நீற்றுச் சுண்ணாம்பு தூவினேன். ஒரு பையன் சறுக்கி விழுந்து கண்ணில் பட்டு வெந்துபோனதிலிருந்து அதை விட்டுவிட்டேன். இப்போது கோலத்துக்கு விற்கும் கல்மாவுதான். குனிந்தே 22 வருடம் நடந்தவனுக்கு அந்த நிலத்தின் மேடு பள்ளம் தன் முதுகைப் போலத் தெரியும். அந்த உரிமையில்தான் பேசுகிறேன்.

நீங்கள் அனுப்பிய வரைபடம் என் கைக்கும் வந்தது. தெற்கே சாலையை ஒட்டி 600 பேர் உட்காரும் காங்கிரீட் கேலரி. நுழைவாயிலில் வளைவு. தரை முழுக்கச் செயற்கைப் புல். நான்கு மூலையிலும் விளக்குக் கோபுரம். மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குள் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிவிட வேண்டும் என்று பேச்சு. படத்தைப் பார்த்த பையன்களுக்கு இரவில் தூக்கமில்லை. எனக்கும் தூக்கமில்லை, காரணம் வேறு. அந்தக் கேலரியை அந்த இடத்தில் எழுப்பிவிட்டால் நம் மைதானத்தின் திசையை இனி யாரும் மாற்ற முடியாது.

மைதானம் இப்போது கிழமேலாகக் கிடக்கிறது. ஒரு கோல் கிழக்கே, ஒரு கோல் மேற்கே. அதில் என்ன கெட்டுப்போனது என்று கேட்பவர்கள் போன வருடத்து இறுதி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். அஸர் தொழுகை முடிந்து 4.50-க்கு ஆட்டம் தொடங்கியது. இடைவேளைக்குப் பிறகு நம் பையன்கள் கிழக்குக் கோலுக்கு மாறினார்கள். மணி 5.50 இருக்கும். எதிரணி ஆட்டக்காரன் ஒருவன் நடுவட்டத்துக்குச் சற்று இந்தப் பக்கமிருந்து பந்தைத் தூக்கி அடித்தான். அது கோலாகும் என்று அவனே நினைத்திருக்க மாட்டான். நம் கோல்கீப்பர் வலது கையைப் புருவத்துக்கு மேல் வைத்துக்கொண்டு நிற்கிறான். பந்து வெயிலுக்குள் போய்விட்டது. மறுபடி கண்ணுக்குத் தெரிந்தபோது அவன் தோளுக்கு மேலே இருந்தது. நான் மூலைக்கொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவன் கன்னத்தில் தண்ணீர் வழிந்தது, கண் கூசி வந்த தண்ணீர். அழுகிறான் என்று சாலையோரத்தில் நின்றவர்கள் கேலி செய்தார்கள். அன்று விழுந்த மற்ற வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. மூன்று வாரம் அவன் மைதானத்துப் பக்கமே வரவில்லை. அப்பாவோடு நண்டு வலைக்குப் போய்விட்டான்.

தொப்பி போட்டுக்கொள்ளக் கூடாதா என்று பிறகு ஒருவர் கேட்டார். கோல்கீப்பர் தொப்பி அணியலாம் என்று விதியே அனுமதிக்கிறது. கச்சான் காற்று அடிக்கிற ஊரில் தொப்பி தலையில் நிற்குமா என்று விதி எழுதியவர்களுக்கு எப்படித் தெரியும்?

கச்சானையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் போட்டிகள் நடப்பது ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாட்களில். படகுக்காரர்கள் ஊரில் இருக்கும் காலம் அதுதான், வேறு வழியில்லை. வைகாசி பிறந்தால் தென்மேற்கிலிருந்து காற்று கிளம்பிவிடும். கிழக்குக் கோலைக் காக்கும் அணிக்கு முகத்தில் காற்று. பின்பாதியானால் முகத்தில் வெயிலும் சேர்ந்துகொள்ளும். மேற்கிலிருந்து ஆடுகிறவனுக்கு இரண்டும் முதுகில். இந்தச் சூட்சுமம் தெரிந்த அணித்தலைவன் டாஸில் ஜெயித்தால் முன்பாதியில் கிழக்குக் கோலை எடுத்துக்கொள்வான். சூரியன் அப்போது சற்று உயரத்தில் இருக்கும். பின்பாதியில் காற்றையும் வெயிலையும் தனக்கு ஆட்களாக்கிக்கொள்வான். பதினோரு பேரை எதிர்த்துப் பதின்மூன்று பேர். வெளியூர் அணிகளுக்கு இது தெரியாமல் இருந்தவரை நாமும் நிறைய கோப்பை வாங்கியிருக்கிறோம், அதை ஒளிப்பானேன்.

மைதானத்தைத் தென்வடலாகப் போட்டால் மாலை வெயில் இரண்டு கோல்கீப்பருக்கும் பக்கவாட்டில் விழும். காற்று சாய்வாகப் போகும், வெயிலும் காற்றும் சேர்ந்து ஒரே அணிக்குத் துணை போகாது. உலகம் முழுக்க ஆட்டக்களங்களைத் தென்வடலாகக் கிடத்துவதற்கு வெயில்தான் முதல் காரணம். நம் பெரியவர்கள் ஏன் கிழமேலாகப் போட்டார்கள் என்று விசாரித்தேன். வடக்கே அப்போது சீமைக்கருவேலம் காடாய் மண்டியிருந்ததாம். தெற்கே சாலைமேடு இருந்ததால் நின்று பார்க்க வசதி. வெட்டிய இடத்தில் கோல் கம்பம் நட்டார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை.

இப்போது முள் இல்லை. நிலத்தை நானே அளந்தேன்: கிழமேல் 128 மீட்டர், தென்வடல் 117 மீட்டர். 100 மீட்டர் நீளம், 64 மீட்டர் அகலத்தில் களம் போட்டால் இரு கோலுக்குப் பின்னாலும் எட்டரை மீட்டர் மிஞ்சும். சர்வதேச ஆட்டத்துக்கு விதி கேட்கும் குறைந்தபட்ச அளவு அதுதான். இப்போது நாம் ஆடுவது 96-க்கு 60. திருப்பினால் களம் பெரிதாகிறது. பக்கவாட்டில் 60 மீட்டருக்கு மேல் இடமும் மிஞ்சுகிறது. அதை மேற்கிலும் கிழக்கிலும் பங்கிட்டுக்கொள்ளலாம்.

கேலரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேற்கே கட்டுங்கள். பார்க்கிறவர்களுக்கு வெயில் முதுகில் விழும், கட்டடத்தின் நிழல் மாலையில் களத்தில் விழும், கச்சானின் வேகமும் கொஞ்சம் அடங்கும். வரைபடத்தில் உள்ளபடி தெற்கே கட்டினால் 600 பேரும் ஆட்டம் முழுக்க இடது கையால் கண்ணை மறைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

செயற்கைப் புல்லுக்கு வருகிறேன். வாட்ஸ்அப் குழுவில் சுற்றிய அந்தப் படத்தை நானும் பார்த்தேன். நார்வே நாட்டின் லோபோட்டன் தீவுகளில் ஹென்னிங்ஸ்வேர் என்னும் மீனவ ஊர். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறையின் மேல் பச்சைப் பசேலென்று ஒரு மைதானம். ‘நம் ஊரும் கடலோரம்தானே, இப்படி வராதா?’ என்று துபாயிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தான். படத்தைப் பெரிதாக்கிப் பார், தம்பி. கேலரி எங்கே இருக்கிறது? ஒன்றுகூட இல்லை. களத்தைச் சுற்றித் தார் போட்ட ஒரு பாதை, அதில் நின்றுதான் பார்க்கிறார்கள். மைதானத்தைச் சுற்றி வரிசை வரிசையாக மரச்சட்டங்கள் தெரிகின்றனவே, அவை மீன் காயப்போடுபவை. அதுவும் கருவாடுதான், மீன் வேறு, உப்பும் போடுவதில்லை. பாறையை மட்டம் செய்து, வெளியிலிருந்து மண் கொண்டுவந்து நிரப்பி அந்தக் களத்தை உண்டாக்கினார்கள். காசும் உழைப்பும் தரைக்குப் போயிருக்கின்றன. செயற்கைப் புல் அங்கே பொருந்துகிறது, குளிர்நாடு. நம் சித்திரை வெயிலில் பிளாஸ்டிக் புல் கொதிக்கும். நண்பகலில் வெறுங்காலோடு நிற்க முடியாது. கச்சான் அள்ளி வரும் மணல் வேறு அதன் மேல் படியும். சுமார் பத்து வருடத்தில் விரிப்பையே மாற்ற வேண்டும். அப்போது யார் பணம் அனுப்புவார்?

நம் ஊருக்கு அருகு போதும். கல்யாணத்தில் ‘ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி’ என்று வாழ்த்துகிறோமே, அதே அருகம்புல். வெப்பநாட்டு மைதானங்களில் பெர்முடா என்று பெயர் வைத்துப் பெருமையாக வளர்ப்பது இந்த இனத்தைத்தான். உப்பை ஓரளவு தாங்கும், மிதித்தாலும் எழுந்துகொள்ளும். தண்ணீருக்கு எங்கே போவது என்பீர்கள். குடத்துக்கு அல்லாடும் ஊரில் புல்லுக்குத் தண்ணீரா என்று நம் வீட்டுப் பெண்கள் கேட்டால் பதில் சொல்ல வேண்டும், நியாயமான கேள்வி. பள்ளிவாசலில் ஐந்து வேளையும் ஒளு செய்யும் தண்ணீர் சாக்கடைக்குத்தான் போகிறது. சோப்பு கலக்காத தண்ணீர். ஒரு குழாய் போட்டு மைதானத்துக்குத் திருப்பினால் என்ன? ஜமாஅத்தார் மனது வைக்க வேண்டும். கேலரிக்குக் கூரை போட்டால் அதில் விழும் மழைநீரையும் ஊருணியில் சேர்க்கலாம். உப்புநீரைக் குடிநீராக்கும் ஆர்.ஓ. நிலையத்துக் கழிவுநீரை விடலாம் என்று யாரோ சொன்னதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து வேண்டாம், அது குடிநீரைப் பிரித்து எடுத்தபின் மிஞ்சும் உப்புநீர், அருகும் செத்துவிடும்.

தரையை எப்படி மட்டம் செய்வது என்பதற்கு ஒரு வரி. தட்டையாக்கிவிடாதீர்கள். நடுவில் முக்கால் அடி உயர்த்தி இருபுறமும் சரித்துவிட்டால் ஐப்பசி மழை ஓரத்துக்கு ஓடிவிடும். இப்போது வடமேற்கு மூலையில் முழங்கால் அளவு நிற்கிறது. அங்கே நான் போடும் கோடு ஒரு நாள்கூடத் தங்குவதில்லை.

இரும்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாம்பனில் 1914-ல் திறந்த ரயில் பாலத்தை எத்தனை பேர் எத்தனை முறை வர்ணம் பூசிக் காத்தார்கள். கடைசியில் துரு ஜெயித்து 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் புதுப்பாலம் திறக்கும்வரை ராமேஸ்வரத்துக்கு ரயில் இல்லை. உப்புக்காற்றில் விளக்குக் கோபுரமும் கேலரிக் கம்பியும் அதே வழியில்தான் போகும். கட்டுவதற்கு எவ்வளவு என்று கணக்கிட்ட தாளில் ஆண்டுதோறும் பராமரிக்க எவ்வளவு என்ற பத்தியே இல்லை. கடலிலிருந்து 500 மீட்டருக்குள் கட்டுமானத்துக்குக் கடலோர ஒழுங்குமுறை விதிகளும் உண்டு. நம் மைதானம் அந்த எல்லைக்குள் இருக்கிறது. கேட்டுவிட்டு வானம் தோண்டுங்கள்.

பிறகு அந்தப் பெண்பிள்ளைகள். காலை ஆறு மணிக்குப் பதினான்கு பேர் பயிற்சிக்கு வருகிறார்கள். பாதிப் பேரின் தாய்மார்கள் தீவுப் பக்கம் கடல்பாசி எடுக்க மூழ்குகிறவர்கள்; அந்த மூச்சு பிள்ளைகளுக்கும் இருக்கிறது, ஓடவிட்டுப் பாருங்கள். உடை மாற்ற மைதானத்தில் ஒரு அறை கிடையாது. எதிர்வீட்டுப் பெரியம்மா கதவைத் திறந்துவிடுகிறார். அவர் மகள் வீட்டுக்குப் போன வாரங்களில் பயிற்சி நின்றுவிடுகிறது. பக்கத்து மதுரையின் சேது எஃப்.சி. 2019-ல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. அந்த அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் நம்மைப் போலவே கடலோரக்காரர், கடலூர். இந்தியாவுக்கும் ஆடினார். 600 இருக்கை போட்ட உங்கள் வரைபடத்தில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை வரையப்படவில்லை. மறந்துவிட்டீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். கிழக்கே மிஞ்சும் இடத்தில் இரண்டு அறையும் இரண்டு கழிப்பறையும் கேலரிக்கு முன்னால் எழும்பட்டும்.

ஏன் எல்லோருக்கும் கேலரி மேலும் வளைவு மேலும் கண் என்று எனக்குத் தெரியும். கோபித்துக்கொள்ளாதீர்கள். அங்கே கல்வெட்டு வைக்கலாம். மட்டம் செய்த மண்ணில் யார் பெயரைப் பொறிப்பது? வடிகால் குழாய் ‘இன்னார் உபயம்’ என்று சொல்லிக்கொண்டு மண்ணுக்கு மேலே நிற்குமா? ராமநாதபுரத்தில் நம் மாவட்ட விளையாட்டரங்கத்துக்குச் சீதக்காதி சேதுபதி என்று பெயர். கீழக்கரை வள்ளலும் ராமநாதபுரத்து மன்னரும் ஒரே பலகையில். செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்கிறோம். அவர் கொடுத்தது எந்தக் கல்வெட்டில் இருக்கிறது என்று யாரும் தேடுவதில்லை. பெயர் கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். என்னிடம் பழைய கல்மாவு டின்கள் ஆறு இருக்கின்றன. டின்னுக்கு ஒரு பெயர் எழுதித் தருகிறேன். மாதம் நான்கு தடவையாவது மைதானத்தை முழுதாகச் சுற்றி வரும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தென்வடலாகக் கோடு போட்டு வைத்துவிடுவேன். முளை அடித்து நட்ட மூங்கில்தான் கோல் கம்பம், வலைக்குக் கிழிந்த மீன்வலை இருக்கிறது. அஸருக்குப் பிறகு பெரியவர்கள் ஓர் அணி, பையன்கள் ஓர் அணி. ஆட்டத்துக்கு முன்னால் தலைவர் காக்கா பழைய கிழக்குக் கோலில் பத்து நிமிடம் மேற்கே பார்த்து நிற்க வேண்டும், கையைப் புருவத்தில் வைக்காமல். பந்து உதைக்க அந்தக் கோல்கீப்பர் பையன் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

இப்படிக்கு,
கோடு போடுகிறவன்