என் வயலை அறுத்துக் கொடுத்தவர்களுக்கு

பெகு, பர்மா,
மார்கழி 3

ஊர்ப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

வீடு வீடாக வந்து சொல்ல வேண்டிய நன்றி. இடது கால் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வாசலைத் தாண்டினால் மகள் சத்தம் போடுகிறாள். அதனால் எழுதுகிறேன். நான் கோயில் திண்ணை வகுப்பில் படித்த தமிழ்க்காரன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பர்மிய வீடுகளுக்கும் கரேன் வீடுகளுக்கும் மகளே வந்து படித்துச் சொல்வாள்.

பர்மியரின் தடின்ஜுட் பண்டிகை விளக்கெல்லாம் அணைந்து, தீபாவளியும் முடிந்து, மழைக்காற்று நின்று வாடை திரும்புகிற அந்த இருபது நாள்தான் எனக்கு வருஷத்திலேயே பிடித்த காலம். விடிகாலையில் வரப்பு தெரியாத அளவுக்குப் பனி மூடும். வயலில் தண்ணீர் வற்றி, சேறு காலைப் பிடிக்கிற பதத்துக்கு வரும். கதிர் தலை சாய்ந்ததும் அந்த வாசனை வீட்டுத் திண்ணை வரைக்கும் வரும். வாத்துக்காரர்கள் எப்போது அறுப்பு என்று கேட்டு நடையாய் நடப்பார்கள். இந்த வருஷம் அதில் பெரும்பகுதியை நான் ஆஸ்பத்திரிக் கூரையைப் பார்த்துக்கொண்டே கழித்தேன்.

ஐப்பசி 25. கிழக்குத் துண்டில் போட்டிருந்த மனோதுக்கா நெல் முற்றி நின்றது. (துக்கம் என்று நினைத்துவிடாதே, நம் சுகம்தான் பர்மிய நாக்கில் துக்கா ஆகிவிட்டது என்று என் அப்பா வருஷா வருஷம் சொல்வார்.) கடைசி மழையில் அந்த ஒன்றரை ஏக்கர் அப்படியே படுத்துவிட்டது. எந்தப் பக்கமிருந்து அரிவாள் போடலாம் என்று பார்க்க இறங்கினேன். ரப்பர் பூட்ஸ் மாட்டுத் தொழுவத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. சேற்றில் பூட்ஸ் போட்டால் கால் வரும், பூட்ஸ் வராது. அதனால் வெறுங்காலோடு போனேன். யார் மேலும் பழி போட இதில் இடமே இல்லை, முழுத்தப்பும் என்னுடையது. நெல் முற்றினால் எலி வரும், எலி வந்தால் கண்ணாடி விரியன் வரும். பத்து வயதில் தெரிந்த பாடம், ஐம்பத்தெட்டு வயதில் மறந்துவிட்டது.

சைக்கிள் டியூப்பில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் கணுக்காலில் சுரீர் என்றது.

முதல் நன்றி கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பர்மிய அத்தைக்கு. என் சத்தம் கேட்டு ஓடிவந்தவர்களில் ஒருவர் பிளேடு எடுத்தார், இன்னொருவர் தொடையில் கயிறு கட்டப் பார்த்தார். எல்லாம் நல்ல எண்ணத்தில்தான். அத்தை ரெண்டு பேரையும் தள்ளிவிட்டு, "கீறாதே, இறுக்காதே, அவன் நடக்கவும் கூடாது" என்று ஒரே அதட்டு. வேலி மூங்கிலை இரண்டாகப் பிளந்து காலுக்கு இரு பக்கமும் வைத்து, தன் தலைத்துணியாலேயே கட்டினார். போன வருஷம் சயாமா (வைத்தியம் பார்க்கிற அம்மா) ஒருவர் ஊர் மடத்தில் பேசியதை இந்த ஊரில் ஒழுங்காகக் கேட்ட ஒரே ஆள் அவர்தான் போல. நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன், பின் வரிசையில் தூங்கிக்கொண்டு. அத்தை, உங்கள் தலைத்துணி துவைத்து மடித்து இருக்கிறது.

என்னை வரப்பில் தூக்கி வந்த நான்கு தம்பிகளுக்கும், தோலாஜி டிராக்டர் வண்டியில் வைக்கோல் பரப்பி மெயின் ரோடு வரை குலுங்காமல் ஓட்டிய மேலத்தெரு மாப்பிள்ளைக்கும் நன்றி. தோலாஜியைக் குலுங்காமல் ஓட்ட முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்படியானால் மற்ற நாளெல்லாம் ஏன் அப்படி ஓட்டுகிறாய் மாப்பிள்ளை?

முதலில் போன சின்ன ஆஸ்பத்திரியில் விஷமுறி மருந்து இல்லை. அதைப் பற்றி நிறையச் சொல்லலாம், சொல்லப் போவதில்லை. ஆனால் அங்கிருந்த சயாமாவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். என் கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் விட்டு, மேசை ஓரத்தில் நிறுத்தி வைத்தார். யாரும் தொடக்கூடாது, 20 நிமிஷம் என்றார். என் மனைவி அந்தக் குழாயையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். நேரம் ஆனதும் சயாமா குழாயை மெல்லச் சாய்த்தார். உறைந்து ஒட்டி நிற்க வேண்டிய ரத்தம் தண்ணீர் மாதிரி வழிந்தது. விரியன் விஷம் அதைத்தான் செய்யுமாம், ரத்தத்தை உறைய விடாது. சயாமா ஒன்றும் பேசவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு மருந்து இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொண்டு, தன் வேலை நேரம் முடிந்தும் வண்டியில் எங்களோடு ஏறிக்கொண்டார். வழியெல்லாம் என் ஈறைப் பார்த்தபடியே வந்தார், ரத்தம் கசிகிறதா என்று.

அந்த வண்டி பரஹிதப் பிள்ளைகளுடையது, காசு வாங்காமல் உதவுகிற தொண்டர்கள். ராத்திரி ரோட்டில் போக யாருக்கும் மனசு வராத காலம் இது. டிரைவர் தம்பி ஒரு வார்த்தை கேட்கவில்லை, டீசலுக்குக் கொடுத்த பணத்தையும் வாங்கவில்லை. அவன் பெயரைக் கேட்டேன், சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

பெரிய ஆஸ்பத்திரியில் எட்டு குப்பி மருந்து ஏற்றினார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை அதே கண்ணாடிக் குழாய், அதே 20 நிமிஷம். மூன்றாவது தடவை சாய்த்தபோது ரத்தம் அடியிலேயே நின்றது. என் மனைவி எட்டிப் பார்த்து, "தயிர் உறைஞ்ச மாதிரி இருக்கு" என்றாள். அதைச் சொல்லிவிட்டுத்தான் அழுதாள், அதுவரை அழவில்லை. மருந்து நம் நாட்டிலேயே இன்செயினில் செய்வது, குதிரைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் ஏற்றி அதன் ரத்தத்திலிருந்து எடுப்பது என்று ஒரு சின்ன சயா (இளம் டாக்டர்) சொன்னார். அப்போ குதிரைக்கும் நன்றி எழுது தாத்தா என்கிறாள் பேத்தி. எழுதியாயிற்று.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூன்றாம் நாள் சிறுநீர் குறைந்து தேத்தண்ணி நிறத்தில் வந்தது. ரங்கூனுக்கு மாற்றினார்கள். ஐந்து தடவை டயாலிசிஸ். பத்தொன்பது நாள் கழித்து வீடு வந்தேன். அந்த நாட்களில் மனைவிக்குப் படுக்க இடமும் எனக்கு உப்பில்லாக் கஞ்சியும் கொடுத்த ரங்கூன் சித்தப்பா வீட்டுக்குக் கடன்பட்டிருக்கிறேன். சித்தி, உங்கள் கஞ்சி நன்றாக இல்லை. ஆனால் ஒரு வேளைகூடத் தவறாமல் வந்தது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

2024 செப்டம்பரில் யாகிப் புயலின் மழை வந்தபோது எங்கள் நெல் ஒன்பது நாள் தண்ணீருக்குள் கிடந்தது. அந்த வருஷத்துக் கடன் இன்னும் பாக்கி. அதனால் இந்த ஏழு ஏக்கரைத்தான் நம்பியிருந்தோம். முற்றிய நெல் பத்து நாள் கூடுதலாக நின்றால் உதிர ஆரம்பித்துவிடும். அது மட்டுமில்லை, அறுத்த கையோடு மண்ணில் ஈரம் இருக்கும்போதே உளுந்து விதைத்தாக வேண்டும். ஈரம் போனால் உளுந்தும் போச்சு. ஆள் கிடைக்குமா என்றால், ஊரில் இளவட்டமே இல்லை. என் பெரியவன் உள்பட பாதிப் பிள்ளைகள் தாய்லாந்தில் இருக்கிறார்கள். ஏன் போனார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை. ஊரில் இருப்பது நம்மைப் போன்ற நரைத்த தலையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும்தான். ஆஸ்பத்திரியில் எனக்குக் காலைவிட அதுதான் வலித்தது. மகள் போன் செய்தால், "வயல் எப்படி இருக்கு?" என்று கேட்பேன். "நல்லா இருக்குப்பா" என்பாள். பொய் சொல்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

பொய் சொல்லவில்லை. நான் விழுந்த மறுநாள் சாயங்காலமே கோயில் வாசலில் கூடிப் பேசியிருக்கிறீர்கள். மூன்றாம் நாள் விடியுமுன் இருபத்து மூன்று பேர் வயலில் இறங்கியிருக்கிறீர்கள். காய்ந்திருந்த மூன்று ஏக்கரை அறுப்பு எந்திரக்காரர் டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டு அரை நாளில் முடித்துவிட்டார். அவருக்கு வேறு ஊரில் பேசிய வாடகை இருந்தது, அதைத் தள்ளிவைத்துவிட்டு வந்தார் என்று அப்புறம்தான் தெரிந்தது. மீதி நாலு ஏக்கரில் எந்திரம் இறங்காது. சேறும் படுத்த நெல்லும். படுத்த நெல்லைக் கையால் அறுப்பது என்னவென்று அறுத்தவருக்குத்தான் தெரியும். பிடிக்குப் பிடி தூக்கி நிமிர்த்தி, தாள் எது கதிர் எது என்று பார்த்து அரிவாள் போட வேண்டும், இடுப்பு போய்விடும். அந்தக் கிழக்குத் துண்டுக்கு, பாம்பு இருந்த அதே துண்டுக்கு, ஆற்றங்கரைக் கரேன் வீட்டு அண்ணனும் அண்ணியும் முதலில் இறங்கினார்களாம். மூங்கில் கழியால் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வந்துவிட்டு, "வாங்க" என்றார்களாம்.

ஐந்து நாள் அறுப்பு. ஐந்து நாளும் பூசாரி வீட்டு ஆச்சியும் தெற்குத்தெருப் பெண்களும் களத்திலேயே அடுப்பு மூட்டிப் பொங்கிப் போட்டார்கள். சோறு, பருப்பு, புளிச்சக்கீரைக் கடைசல், ஙாப்பி என்கிற புளித்த மீன் விழுதுத் துவையல். பத்து மணிக்குத் தேத்தண்ணி. அப்புறம் கதிரடி, தூற்றல், காயப்போடுதல். ராத்திரிப் பனியில் நெல் நனையாமல் தினமும் பொழுது சாய ஆறு தார்ப்பாய் இழுத்து மூடி, வெயில் வந்ததும் எடுத்தது பள்ளிக்கூடப் பிள்ளைகள். மொத்தம் 412 தின், அதாவது கூடை. தின்னுக்கு 46 ராத்தல் என்று ஒவ்வொன்றாய் நிறுத்திருக்கிறார்கள். நான் நின்று அறுத்திருந்தால் நானூறு வந்திருக்கும் என்பது என் கணக்கு. இதை என் மனைவியிடம் சொல்லிவிட வேண்டாம்.

குறை ஒன்று உண்டு. தாளை முழங்கால் உயரத்துக்கு விட்டு அறுத்த தம்பி யார் என்று எனக்குத் தெரியும். மாட்டுக்கு வைக்கோல் குறைந்துவிட்டது, தம்பி.

மாடு என்றதும் நினைவு வருகிறது. காலையும் மாலையும் பத்தொன்பது நாள் பால் கறந்து, ஊற்றுகிற வீடுகளுக்கெல்லாம் ஊற்றி, காசை ஒரு பால்டின்னில் போட்டு வைத்திருந்த பக்கத்து வீட்டு அண்ணிக்கு நன்றி. சிவலைப் பசு இப்போது என்னைக் கண்டால் மடியை ஒளிக்கிறது. அண்ணி வந்தால்தான் பால் இறக்குகிறது.

வீடு வந்த அன்று பூசாரியின் பேத்தி ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவந்து கொடுத்தாள். எந்தத் தேதி, யார், முழு நாளா அரை நாளா என்று கோடு போட்டு எழுதியிருந்தாள். பர்மியர் லெஸா லைட் என்பார்கள், நாம் மாத்தாள் என்போம். நீ எனக்கு ஒரு நாள் வந்தால் நான் உனக்கு ஒரு நாள். என் தாத்தா செட்டியார் நிலத்தில் கூலிக்கு அறுத்த காலத்திலும், 1964-இல் ஊரில் பாதி வீடு கப்பல் ஏறி இந்தியா போன பிறகும், இந்தக் கணக்கு நின்றதில்லை. அதனால்தான் பெண்ணை எழுதி வைக்கச் சொன்னார்களாம். நோட்டில் 118 ஆள் நாள் இருந்தது. ஆனால் பல இடத்தில் பெயருக்குப் பதில் 'எழுதாதே என்றார்' என்று எழுதியிருந்தது. ஒரு பக்கத்தில் மட்டும் ஏழு 'எழுதாதே'. நானும் மகளும் உட்கார்ந்து அந்த ஏழு பேர் யார் என்று கண்டுபிடிக்கப் பார்த்தோம். நாலு பேரைக் கண்டுபிடித்துவிட்டோம். மற்ற மூவர் தப்பித்ததாக நினைக்க வேண்டாம், ஆச்சியிடம் கேட்டிருக்கிறேன்.

இந்த அறுப்பில் என்னால் மாத்தாள் கழிக்க முடியாது. கனமான வேலை ஆறு மாதத்துக்குக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். உளுந்து பறிப்புக்கு மனைவியும் மகளும் வருவார்கள், மருமகன் லீவு போட்டு வருகிறேன் என்கிறார். நான் வரப்பில் உட்கார்ந்து அரிவாள் தீட்டித் தருவேன், அந்த வேலையில் என்னை மிஞ்ச ஆள் இல்லை.

உளுந்தையும் நீங்களே விதைத்துவிட்டீர்கள் என்று வண்டியில் வரும்போதுதான் சொன்னார்கள். விதையைச் சேமித்த குதிரில் கைவைக்காமல் ஆளுக்குக் கொஞ்சம் கொண்டுவந்து போட்டீர்களாம். இப்போது நாலு இலை விட்டு நிற்கிறது. மாசியில் பறித்து வியாபாரியிடம் போட்டால் கப்பலேறி இந்தியா போகும், சென்னையில் யார் வீட்டு இட்லியிலோ நம் ஊர் ஈரம் இருக்கும்.

பணக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். கோயிலில் திரண்டது 14 லட்சம் கியாட். மடத்துப் பெரிய பிக்கு சயாதோ கொடுத்தனுப்பியதும் தாய்லாந்துப் பிள்ளைகள் அனுப்பியதும் அதில் சேர்த்தி. செலவு 11 லட்சத்து 20 ஆயிரம். ரசீதெல்லாம் கோயில் பெட்டியில் இருக்கிறது. மீதியைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்க மாட்டோம் என்றார்கள். அதனால் பெரியவர்களைக் கேட்டுக்கொண்டு பதினோரு ஜோடி ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கோயில் அறையில் வைத்திருக்கிறது. வயலில் இறங்குகிற யாரும் எடுத்துப் போகலாம், கழுவித் திருப்பி வைக்க வேண்டும். சேற்றில் கால் வரும் பூட்ஸ் வராது என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள், என் காலைக் காட்டுகிறேன்.

தையில் புது அரிசி பொங்கும்போது எல்லோரும் நம் வீட்டுக்கு வர வேண்டும். தனியாக அழைப்பு வராது, இதுதான் அழைப்பு.

இன்னொன்று. அறுப்பு முடிந்த பிறகு களத்தில் மூன்று கருக்கரிவாளும் ஒரு பித்தளைத் தூக்குவாளியும் கிடந்ததாம். ஒரு அரிவாளில் பிடியைச் சுற்றிச் சிவப்பு நூல் கட்டியிருக்கிறது, மற்ற இரண்டில் அடையாளம் ஏதும் இல்லை. மூன்றையும் தீட்டி வைத்திருக்கிறேன். யாருடையதோ, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.