நாலு மணி நேரம்தானே என்கிறாய்

அன்புள்ள பாப்பாவுக்கு,

"நாலு மணி நேரம்தானேப்பா, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏறினா ஞாயிறு ராத்திரி திரும்பிடலாம்" என்று நேற்று போனில் சொன்னாய். உன் அம்மா அப்போதே முறுக்குக்கு அரிசி ஊறப்போட்டுவிட்டாள். நான் காகிதத்தை எடுத்து உட்கார்ந்தேன்.

சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். மணிக்கு 850 என்று வைத்தால் மூன்றரை மணி நேரத்தில் வந்துவிட வேண்டும், ஆனால் டிக்கெட்டில் நாலு, நாலேகால் என்றுதான் போடுகிறார்கள். உங்கள் ஊர் சாங்கி விமான நிலையத்தில் விமானம் நகர ஆரம்பித்ததிலிருந்து மீனம்பாக்கத்தில் வந்து நிற்கிற வரைக்கும், ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, வேகம் குறைத்து இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். அது அவர்கள் கணக்கு. நான் பார்ப்பது உன் வாசலிலிருந்து நம் கும்பகோணம் வாசல் வரை.

அங்கே 8 மணிக்குக் கிளம்பினால் இங்கே கடிகாரத்தில் 9.30, ஏதோ ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிட்ட மாதிரி இருக்கும். அப்புறம் இமிகிரேஷன் வரிசை, பெட்டி வர வேண்டும், கிளாம்பாக்கம் போய் பஸ் பிடிக்க வேண்டும், வீட்டுக்கு வந்து சேரும்போது விடிந்திருக்கும். கடல் தாண்டுகிற 2,900-க்கு நாலு மணி நேரம், மிச்சம் இருக்கிற 300-க்கு ஏழு! சனிக்கிழமை பாதி நாள் தூக்கத்திலேயே போய்விடும்.

திரும்பும்போது இன்னும் மோசம். ராத்திரி 12 மணிக்கு ஏறினால் அங்கே காலை ஆறே முக்கால், மூன்று மணி நேரம்கூடத் தூங்காமல் ஆபீஸ் போவாய். இரண்டு ஊர் கடிகாரத்துக்கும் வித்தியாசம் இரண்டரை மணி நேரம் அல்லவா? சூரியனைப் பார்த்தால் ஒன்றரை மணி நேரம்தான் வர வேண்டும். 1981 வரைக்கும் இரண்டு மணி நேரமாகத்தான் இருந்தது, மலேசியா நாடு முழுக்க ஒரே நேரத்துக்கு மாறியபோது சிங்கப்பூரும் சேர்ந்து 1982 ஜனவரி 1 முதல் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவிட்டது. உங்கள் ஊரில் ஏழு மணிக்கு விடிவது அதனால்தான்.

உன் கொள்ளுத்தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் போனவர். ஒரு வாரம் போல ஆகும். ஊருக்கு வந்தால் அறுவடை முடிகிற வரை இருந்துவிட்டுத்தான் போவாராம். நீ நாலு மணி நேரத்தில் வந்து ஒன்றரை நாள் இருக்கிறேன் என்கிறாய்.

அதனால் இந்த வாரம் வேண்டாம். பொங்கலுக்குச் சேர்ந்தாற்போல் பத்து நாள் லீவு கேள். சென்னை வழியாக வராதே, திருச்சிக்கு நேர் விமானம் பிடி. ஆகாயத்தில் தூரம் கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் அங்கிருந்து காரில் இரண்டரை மணி நேரத்தில் வீடு. 2024-ல் திறந்த புது டெர்மினலையும் நீ பார்த்ததில்லையே. பகல் விமானமாக இருந்தால் ஜன்னல் ஓரம் கேட்டு வாங்கு. மலாக்கா நீரிணை, சுமத்ராவின் வடக்கு முனை, மேகம் இல்லாவிட்டால் நிக்கோபார் தீவுகள்கூடத் தெரியலாம்.

லீவு கிடைத்ததும் சொல்லு, பொங்கல் நேரத்தில் கார் கிடைப்பது கஷ்டம், முன்னாலேயே சொல்லி வைக்க வேண்டும். முறுக்கைக் கூரியரில் அனுப்புகிறேன்.

அப்பா