சேர்வராயன் மலையில் ஒரு கயிறு கட்டித் தாருங்கள்

மதிப்பிற்குரிய சேலம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் மாவட்ட விளையாட்டு அலுவலர் அவர்களுக்கும் வணக்கம்.

நான் தீயணைப்புத் துறையில் முன்னணி தீயணைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது ஏற்காடு அடிவாரத்தில் குடியிருக்கிறேன். மலைமேல் இருக்கும் ஊர்களிலிருந்து சில பையன்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் வந்து ஓட்டமும் தாண்டுதலும் பழகுகிறார்கள். எல்லோருக்கும் தீயணைப்பாளர் வேலைதான் குறி. இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூன்றுக்கும் சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம் ஒரே தேர்வுதான் வைக்கிறது. இருந்தாலும் இவர்கள் கேட்பது தீயணைப்புதான். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன். அவர்களுக்காக நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: ஏறிப் பழக ஒரு கயிறு.

என்னடா இது, கயிற்றுக்குப் போய் கலெக்டருக்கு மடலா என்று படிக்கிறவர்கள் நினைக்கலாம். தேர்வு முறையைச் சொன்னால் புரியும். முதலில் தமிழ் தகுதித் தேர்வு. அதில் 40 சதவீதம் எடுத்தால்தான் அடுத்த தாளையே திருத்துவார்கள். அந்த அடுத்த தாள் 70 மதிப்பெண்ணுக்கு. பொது அறிவு 45, உளவியல் 25. உடல்திறன் போட்டிகளுக்கு 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 6. ஆக மொத்தம் 100. அந்த 24 மதிப்பெண் மூன்று போட்டிகளுக்கு உரியது. கயிறு ஏறுதல் ஒன்று. நீளம் தாண்டுதல், உயரம் தாண்டுதல் இரண்டில் ஏதாவது ஒன்று. 100 மீட்டர், 400 மீட்டர் ஓட்டங்களில் ஏதாவது ஒன்று. மற்ற இரண்டிலும் தனக்கு வருவதைப் பிடித்துக்கொள்ளலாம். கயிற்றுக்கு மட்டும் மாற்று கிடையாது. 5 மீட்டர் ஏறினால் ஒரு நட்சத்திரம், 6 மீட்டர் ஏறினால் இரண்டு; நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் மதிப்பெண். அரை மதிப்பெண் வித்தியாசத்தில் வேலை கைநழுவிப் போகிற போட்டியில், கயிற்றைக் கண்ணாலேயே பார்க்காதவன் நேராக மைதானத்தில் போய் நின்றால் என்ன ஆகும்?

ஓடுவதற்குச் சாலை இருக்கிறது, தாண்டுவதற்குக் கொஞ்சம் மணல் போதும். கயிறு அப்படி இல்லை. 6 மீட்டர் ஏற வேண்டுமானால் அதற்கு மேலே ஒரு ஆள் உயரமாவது தள்ளி உறுதியான உத்தரம் வேண்டும், கீழே மணல் குழி வேண்டும், பக்கத்தில் தெரிந்த ஆள் நிற்க வேண்டும். சேலம் நகரத்தில் காசு வாங்கிச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி மையங்கள் சிலவற்றில் இதெல்லாம் இருக்கிறது. காபித் தோட்டத்தில் கூலிக்குப் போகிற வீட்டுப் பையன் மலையிலிருந்து பஸ் ஏறி இறங்கி அங்கே தினமும் போக முடியுமா? கடைசி பஸ்ஸை விட்டால் இரவு எங்கே தங்குவான்? நான் பார்த்தவரை, எங்கள் பையன்களின் ஊர்ப் பக்கம் இப்படி ஒரு கயிறு தொங்கவில்லை.

அதனால் அவர்களே கட்டிக்கொள்கிறார்கள். காபித் தோட்டத்தில் நிழலுக்கு வளர்க்கிற சில்வர் ஓக் மரம் உயரம்தான், ஆனால் கயிறு கட்டத் தோதான கிளை அதில் அமையாது. போதாக்குறைக்கு உடம்பெல்லாம் மிளகுக் கொடி. பலா மரத்தில்தான் கட்ட வேண்டும். கட்டுவது கிணற்றில் தண்ணீர் இறைக்கிற நைலான் கயிறு. ஒரு பையனின் உள்ளங்கையை விரித்துக் காட்டச் சொன்னேன். நான்கு விரல் அடியிலும் கொப்புளம் உடைந்து தோல் சுருண்டிருந்தது. இறங்கும்போது சறுக்கியிருக்கிறான், சூடு தாங்காமல் கையை விட்டிருக்கிறான். நல்ல வேளை, கீழே காபிச் சருகு. மறுநாள் அதே கையோடு பழம் பறிக்கப் போயிருக்கிறான். "ஒண்ணும் இல்லைங்க சார், மஞ்சள் வெச்சாச்சு" என்றான். கயிறு மெல்லியது என்பதால் பிடிமானமே வேறு. தேர்வு மைதானத்தில் தடித்த கயிறு. இதில் பழகிய கை அதில் உதவாது.

கயிறு ஏறுவது கை பலம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கையை மட்டும் நம்புகிறவன் மூன்று மீட்டரில் மூச்சு வாங்கித் தொங்குவான். கயிற்றை ஒரு பாதத்தின் மேல் விட்டு, மறுபாதத்தால் அழுத்திப் பூட்டிக்கொண்டு, முழங்காலை நெஞ்சுவரை இழுத்து எழுந்து நிற்க வேண்டும். பிறகு கையை மேலே மாற்று, மறுபடி கால் பூட்டு. ஒரு தடவை பிடிபட்டுவிட்டால் ஒல்லிப் பையன்தான் முதலில் உச்சியைத் தொடுவான். இதைத் தரையில் நின்று வாயால் சொல்லிக்கொடுக்க முடியாது. கயிறு வேண்டும்.

இந்தத் திறமை தேர்வோடு முடிந்துபோகிற விஷயமும் அல்ல. வாழப்பாடி, ஆத்தூர், தலைவாசல் பக்கத்துக் கிணறுகளின் ஆழம் உங்களுக்கே தெரியும். மாடு விழுந்தாலும் மனிதன் விழுந்தாலும் நிலையத்துக்குத்தான் போன் வரும். கிணற்றுக்குள் டீசல் மோட்டாரை இறக்கி ஓட்டியிருப்பார்கள், கார்பன் மோனாக்சைடு நிறைந்திருக்கும்; அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. முதலில் இறங்கியவன் மயங்கி விழ, தூக்கப் போன அண்ணன் தம்பியும் விழுந்துவிடுவார்கள். மூச்சுக் கருவியை முதுகில் மாட்டிக்கொண்டு கயிற்றில் இறங்கப் போகிறவன் தீயணைப்பாளன். 6 மீட்டர் என்பது அந்த வேலைக்கு அரிச்சுவடி.

ஓட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் சொன்ன மதிப்பெண் போட்டிகள் தவிர, தகுதிக்கென்றே 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். தாண்டினால் அங்கேயே வெளியே. மலையிலேயே வளர்ந்தவனுக்கு மூச்சு நன்றாக நிற்கும். ஆனால் ஏற்காட்டில் எந்தச் சாலை சமமாக இருக்கிறது? ஏறி இறங்கி ஓடிப் பழகியவனுக்கு வேகத்தின் அளவு தெரிவதில்லை. முதல் சுற்றில் பறந்துவிட்டு மூன்றாம் சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறான். 400 மீட்டர் தடத்தில் மூன்றே முக்கால் சுற்று, ஒரு சுற்றுக்கு 112 நொடி. இதைக் காலுக்குச் சொல்லிக்கொடுக்க அளந்த தடம் வேண்டும். ஏதாவது ஒரு பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, 200 மீட்டர் வட்டமாக அளந்து கொடுத்தாலும் போதும், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இவர்கள் ஏன் தீயணைப்பையே கேட்கிறார்கள் என்றேனே. மாசி பங்குனி வந்தால் சேர்வராயன் சரிவுகளில் புல் காய்ந்து நிற்கும். கண்ணாடி மாதிரி வெயில்; எவனோ போட்ட பீடித் துண்டு போதும். மலைப்பாதையைத் தாண்டி வண்டி போகாது, தண்ணீர்க் குழாயும் எட்டாது. அப்போது வனத்துறை ஆட்களோடு பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு ஓடி அடித்து அணைப்பது யார்? ஊர்க்காரர்கள்தான். காற்று எந்தப் பக்கம் திரும்பும், எங்கே புல்லை வெட்டி இடைவெளி விட்டால் தீ நிற்கும் என்பதெல்லாம் இந்தப் பையன்களுக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். சம்பளம் வாங்காமல் செய்துகொண்டிருக்கும் வேலையைச் சீருடையோடு செய்ய ஆசைப்படுகிறார்கள், அவ்வளவுதான்.

படிப்பைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. பத்தாம் வகுப்புத் தரம்தான். பள்ளிப் பாடநூல்களை ஒழுங்காக வாசித்தால் பொது அறிவைத் தேற்றிவிடலாம். உளவியல் என்ற பெயரில் கணக்கும் மனத்திறன் கேள்விகளும் வரும், அதற்குத்தான் யாராவது போட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வ பயிலும் வட்டம் போட்டித் தேர்வுகளுக்கு இலவச வகுப்பு நடத்துவது நல்ல காரியம். அந்த ஆசிரியர்களில் ஒருவர் மாதம் ஒரு சனிக்கிழமை மேலே வந்தால் இருபது பையன்கள் கீழே இறங்கி வர வேண்டியதில்லை.

சான்றிதழ் இன்னொரு தலைவலி. இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிப் பையன்களுக்குக் குறைந்தபட்ச உயர அளவு 167 செ.மீ., மற்ற பெரும்பாலோருக்கு 170. இந்தச் சலுகை பழங்குடிச் சான்றிதழ் கையில் இருந்தால்தான். அதை வழங்க வேண்டியவர் கோட்டாட்சியர். தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீட்டுக்குப் பள்ளியில் வேறு சான்று வாங்க வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் நேரம் போதாது. அறிவிப்புக்கு முன்பே மலையில் ஒரு நாள் முகாம் போட்டுவிட்டால் நல்லது.

சொல்லாமல் விட மனம் வராத ஒன்று. ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களில் இரண்டு பெண் பிள்ளைகளும் உண்டு. அதில் ஒருத்தி பையன்களில் பாதிப் பேரை ஓட்டத்தில் முந்துகிறாள். 2023 அறிவிப்பில் தீயணைப்பாளர் இடங்கள் 674, அத்தனையும் ஆண்களுக்கு. பிரியா ரவிச்சந்திரன், மீனாட்சி விஜயகுமார் போன்ற பெண்கள் இதே துறையில் அதிகாரிகளாக வந்து பல வருடம் ஆயிற்று. அதிகாரியாகத் தீக்குள் போகலாம், தீயணைப்பாளராகப் போகக் கூடாதா? இது உங்கள் கையில் இல்லை என்று தெரியும். மேலே எழுதும்போது ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

சரி, கயிற்றுக்கு வருகிறேன். நாகலூர், மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை பக்கம் எந்த அரசுப் பள்ளி மைதானமாக இருந்தாலும் சரி. இரண்டு இரும்புத் தூண், மேலே ஒரு குறுக்குக் கம்பி, கொக்கியோடு தடித்த மணிலா நார்க் கயிறு, அடியில் ஆழமாக ஆற்றுமணல். 5, 6 மீட்டரில் சிவப்புத் துணி கட்டி அடையாளம் வைக்க வேண்டும். மலையில் மழையும் பனியும் அதிகம், நனைந்த கயிறு உள்ளுக்குள் இற்றுப்போவது வெளியே தெரியாது. ஆகவே பயிற்சி முடிந்ததும் கழற்றி உலர்ந்த அறையில் வைக்க வேண்டும், பிரி பிரியாகப் பார்த்துச் சந்தேகம் வந்தால் மாற்ற வேண்டும். அந்தப் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். சாவியைத் தலைமை ஆசிரியரிடமே கொடுத்துவையுங்கள். ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் வருகிறது. அதற்கு முன் கம்பம் நட்டுவிட்டால், அந்த வாரத்தில் நிலையத்திலிருந்து வருகிற தம்பிகளைக் கொண்டே முதல் பாடத்தை ஆரம்பித்துவிடலாம். இடம் பார்க்க எந்த அலுவலரை அனுப்பினாலும் கூட வந்து காட்டுகிறேன். காலை பஸ்ஸில் வரச் சொல்லுங்கள், மதியத்துக்கு மேல் மேலே பனி இறங்கிவிடும், மைதானத்தை அளக்க முடியாது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற முன்னணி தீயணைப்பாளர்,
ஏற்காடு அடிவாரம், சேலம்.