டாக்டர் மாறினால் நோட்டும் மூட வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

குடியாத்தம் தாண்டி, ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது எங்கள் ஊர். இந்தப் பக்கத்து அரசு மருத்துவமனை ஒன்றில், முன்பிருந்த பொறுப்பு டாக்டர் சர்க்கரை, பிரஷர்காரர்களுக்கென்று தனி நோட்டு போட்டிருந்தார். மாத்திரை வாங்க வராதவர் பெயரை நர்ஸம்மா சிவப்பு மையில் சுழித்து வைப்பார். மறுநாளே போன் போகும், தெலுங்குக்காரருக்குத் தெலுங்கிலேயே. டாக்டர் மாற்றலாகிப் போனார், சரி. அந்த நோட்டும் பீரோவுக்குள் போய்விட்டதுதான் வயிற்றெரிச்சல்.

வேலூர் சி.எம்.சி.யைப் பாருங்கள். 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய ஐடா ஸ்கடர், 1909இல் செவிலியர் பயிற்சி, 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி என்று ஆட்களை உருவாக்கிக்கொண்டே போனார். 1960இல் அவர் மறைந்தார்; ஆஸ்பத்திரி நிற்கவில்லை. அது தனியார், இது சர்க்கார் என்பார்கள். இருக்கட்டும். போகிறவரும் வருகிறவரும் ஒரு வாரம் சேர்ந்து உட்கார என்ன பெரிய செலவாகிவிடும்? சுகாதாரத் துறை மாற்றல் உத்தரவிலேயே இதைக் கட்டாயமாக்கலாம். நர்ஸம்மாவையும் கூடவே உட்கார வைக்க வேண்டும். யார் வீட்டில் போன் எடுக்க மாட்டார்கள் என்பது வரை அவருக்குத்தான் தெரியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குடியாத்தம் வட்டம்