முந்தக் கூடாது

அன்புள்ள வசந்தி,

எட்டு மாதமாக நான் எழுதவில்லை. நீயும்தான் எழுதவில்லை, ஆனால் முறை என்னுடையது என்று தெரியும், அதனால் சண்டை வேண்டாம். இங்கே எல்லாரும் நலம். அத்தைக்குக் கண் அறுவை நன்றாக முடிந்தது. இப்போது என் தலையில் எத்தனை நரை என்று எண்ணிச் சொல்கிறார். நலம் விசாரிப்பு இத்தோடு போதும்.

நான் குதிரை ஏறினேன்.

சிரித்து முடித்துவிட்டு மேலே படி. போன ஞாயிற்றுக்கிழமை, நாலு மணி நேரம், காட்டுப் பாதையில். இன்று புதன். இன்னும் மாடிப்படியில் பக்கவாட்டில்தான் இறங்குகிறேன். இந்தக் கடிதத்தைக்கூட நின்றுகொண்டுதான் எழுதுகிறேன், மேசை மேல் ஒரு பெட்டியைக் கவிழ்த்து வைத்து.

இது சுற்றுலாக் கூட்டத்தை ஏற்றி, ஒன்றன் வாலை ஒன்று பார்த்தபடி நடத்திக் கூட்டிப் போகிற சவாரி இல்லை. தனியாக ஏற்பாடு செய்வது. வழிகாட்டியோடு இரண்டு பேர், அவ்வளவுதான். ‘அனுபவமுள்ளவர்களுக்கு மட்டும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த வரியைப் படித்ததும் எனக்கு ஏறிய கர்வம் இருக்கிறதே, அது நமக்குக் குதிரை ஏறக் கற்றுக்கொடுத்த மாஸ்டர் காதில் விழுந்திருந்தால் ‘வெங்காய மூட்டை’ என்று இங்கே வந்தே கத்தியிருப்பார்.

முன்கூட்டியே ஒரு படிவம் அனுப்பினார்கள். திறந்த வெளியில் மூன்று நடையும் ஓட்டுவீர்களா, சேணம் நீங்களே கட்டுவீர்களா, உங்கள் எடை என்ன. எடை கேட்பது நம்மை அவமானப்படுத்த இல்லை. ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு. 450 கிலோ குதிரைக்கு 90 கிலோ, அதில் சேணமே பத்து கிலோ தின்றுவிடும். என் எடையை உண்மையாகத்தான் எழுதினேன். உனக்குச் சொல்ல மாட்டேன். ஆனால் ‘அனுபவம்’ என்ற இடத்தில் 12 வருடம் என்று எழுதினேன். பொய் இல்லை. முதல் வகுப்பிலிருந்து கடைசி வகுப்பு வரை எண்ணினால் 12தான். அதற்குப் பிறகு ஏறாமலே போன 9 வருடத்தைப் படிவம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வழிகாட்டி ஒரு பெண், நம்மைவிட ரொம்பச் சின்னவள். படிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு தலைக்கயிற்றைக் கையில் கொடுத்து, “அந்தச் செம்மண் நிறம், பேரு சாந்தி. பிடிச்சிட்டு வந்து கட்டுங்க” என்றாள். சிரிக்காதே என்றால் கேட்க மாட்டாய். நம் சாந்தி பேரேதான். அதே மாதிரி தலையைத் திருப்பாமலே நம்மைப் பார்க்கிறது.

கை மறக்கவில்லை வசந்தி. தோள் பக்கமாகப் பேசிக்கொண்டே போனேன். நாலு குளம்பையும் தூக்கிச் சுரண்டினேன். சேணத்தை முன்னால் வைத்துப் பின்னால் இழுத்து மயிர் படிய உட்கார வைத்தேன். வயிற்றுப் பட்டையை இறுக்கும்போது மகராசி மூச்சைப் பிடித்து வயிற்றை ஊதிக்கொண்டாள். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்பதை அன்று நேரிலேயே பார்த்தேன். கட்டை விரலைக் கடைவாய் ஓரத்தில், பல் இல்லாத இடத்தில் விட்டதும் திறந்தாள். அது எப்படி என் விரலுக்கு நினைவிருந்தது என்று எனக்கே ஆச்சரியம்.

அப்புறம் முதல் சறுக்கல். ஏறுவதற்கு மூன்று படி வைத்த ஒரு மரப்பலகை இருந்தது. எங்களோடு வந்த பெரியவர், எழுபதைத் தாண்டியவர், அதில் ஏறி அலுங்காமல் உட்கார்ந்தார். நான் தரையிலிருந்தே அங்கவடியில் கால் வைத்து எம்பினேன். வயது போனவர்களுக்குத்தான் பலகை என்று நினைப்பு. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, “பலகை நமக்கு இல்ல மேடம், அதோட முதுகுக்கு” என்றாள். தரையிலிருந்து ஏறினால் நம் பாரம் முழுக்க ஒரு பக்கமாகத் தொங்கிச் சேணத்தை இழுக்கும், தோளெலும்புக்கு மேலே அழுத்தும். இத்தனை வருடம் இது என் மண்டையில் ஏறவே இல்லை.

கிளம்பும் முன் சட்டதிட்டம் சொன்னாள். தொலைபேசி சேணப்பையில் இருக்கக் கூடாது, உடம்போடு இருக்க வேண்டும். விழுந்தால் குதிரை போகும், அதோடு பையும் போகும், நீங்கள் காட்டில் கையை வீசிக்கொண்டு நிற்பீர்கள். குதிரைக்கும் குதிரைக்கும் நடுவில் ஒரு குதிரை நீளம் இடைவெளி. தண்ணீரில் எல்லாக் குதிரையும் குடித்து முடிக்கும் வரை யாரும் நகரக் கூடாது. திரும்பும் வழியில் ஓட்டமே கிடையாது, கொட்டில் நினைப்பு வந்த குதிரைக்குக் காது கேட்காது. கடைசியாக, “யாரும் யாரையும் முந்தக் கூடாது. விளையாட்டுக்குக்கூட. பக்கத்துல இன்னொரு தலை தெரிஞ்சா அதுங்களுக்குப் பந்தயம்தான்.”

இந்தக் கடைசி விதியைக் கேட்டதும் எனக்கு அடிவயிறு கலங்கியது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதல் அரை மணி வெறும் நடை. பத்து நிமிடத்தில் நிறுத்தி வயிற்றுப் பட்டையைப் பார்க்கச் சொன்னாள். ஊதின வயிறு இறங்கியிருந்தது, இரண்டு துளை இறுக்க முடிந்தது. இறக்கத்தில் நிமிர்ந்து குதிகாலை அழுத்தினேன், ஏற்றத்தில் முன்னால் சாய்ந்து பிடரியைப் பிடித்துக்கொண்டேன். நடை தகதிமி, ட்ராட் என்கிற துள்ளோட்டம் தக தக, கேண்டர் என்கிற பாய்ச்சல் தகிட என்று தொடையில் தட்டிக் காட்டுவாயே, அதைத்தான் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு போனேன். கேண்டரில் ஒவ்வொரு தகிடவுக்கும் பிறகு நாலு காலும் தரையில் இல்லாத ஒரு இடம் வருமே, அங்கே நீ மட்டும் தட்டாமல் கையைத் தூக்கி வைத்திருப்பாய்.

ஆறு வந்தது. முழங்கால் தண்ணீர்தான். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கின கதை என்று நான் சொல்ல, பெரியவர் திரும்பி, “அது குதிரை இல்லம்மா, மண் குதிர், ஆத்து மணல் திட்டு” என்று ஆரம்பித்தார். நம் தமிழம்மா வேடம் மாறி வந்துவிட்டார் போல. நான் அவர் விளக்கத்தைக் கேட்டுக்கொண்டிருக்க, சாந்தி முன்னங்காலால் தண்ணீரைப் பளார் பளார் என்று அடித்தாள். குளித்து விளையாடுகிறாள் என்று ரசித்தேன். “காலை அழுத்துங்க! படுக்கப் போறா!” என்று முன்னாலிருந்து கத்தல். படுக்கத்தான் போனாள், முட்டி மடங்கிவிட்டது. ஒரு உதை விட்டு எழுப்பினேன். நனைந்தது காலுறை மட்டும்தான்.

ஆற்றைத் தாண்டினால் நீளமான புல்மேடு, லேசான ஏற்றம். “கேண்டர்?” என்றாள். பெரியவர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முதல் நூறு அடி சொர்க்கம். குதிரைக்கு வாயால் மூச்சு விட வராது, எல்லாம் மூக்குதான். கேண்டரில் ஒவ்வொரு தகிடவுக்கும் ஒரு மூச்சு, அது காலோடு பூட்டிப் போட்ட மாதிரி புஸ், புஸ் என்று வரும். ஒன்பது வருடம் கழித்து அந்தச் சத்தம். அழுதேனா என்று கேட்காதே, காற்று.

அப்புறம் சாந்தி பெரியவரின் குதிரையைப் பார்த்தாள். இடைவெளி குறைந்தது. அவள் காது முன்னால் போய் நின்றது, இடப்பக்கம் விலகி மேலே ஏறப் பார்த்தாள். ‘முந்தக் கூடாது’ ஒன்றுதான் என் மண்டையில். இரண்டு கையாலும் லகானை இழுத்துப் பிடித்தேன். அவள் தலையைத் தூக்கினாள். இன்னும் இழுத்தேன், இன்னும் வேகம் பிடித்தாள். இரண்டு பக்கமும் சமமாக இழுத்தால் அதற்குச் சாய்ந்து ஓட ஒரு பிடிமானம் கொடுக்கிறோம், அவ்வளவுதான். மாஸ்டர் இதைத் தொண்டை கிழியச் சொன்னதில்லையா? ஒரு அங்கவடி நழுவியது. கடைசியில்தான் புத்தி வந்தது. ஒரு கையைத் தளர்த்தி, மறு கையால் பக்கவாட்டில் மெதுவாக வளைத்தேன். பெரிய வட்டம், சின்ன வட்டம், நின்றாள். விழவில்லை. எழுதி வைத்துக்கொள், விழவில்லை.

அந்தப் பெண் திரும்பி வந்து இறங்கினாள். நேராக என்னிடம் வருவாள், திட்டுவாள் அல்லது அடிபட்டதா என்று கேட்பாள் என்று இருந்தேன். அவள் சாந்தியின் உதட்டை விலக்கிப் பார்த்தாள். எனக்கும் காட்டினாள். வாயோரத்தில், கடிவாள இரும்பு உட்காரும் இடத்தில், விரல்நகம் அளவுக்குத் தோல் உரிந்து சிவந்திருந்தது. கழுத்தில் வார் உரசிய இடமெல்லாம் வெள்ளை நுரை. குதிரை வியர்வை அப்படித்தான், சோப்பு போட்ட மாதிரி நுரைக்கும். அந்த நுரையைத் துடைத்துவிட்டு, அதன் பிறகுதான் “உங்களுக்கு ஒண்ணுமில்லையே?” என்றாள்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, மனுஷி நான் இங்கே நடுங்கிக்கொண்டிருக்கிறேன் என்று. அது ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. 9 வருடத்தைச் சொல்லிவிட்டேன். “படிவத்துல எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க. நான் அதைப் படிக்கிறதே இல்ல. குதிரைகிட்ட எப்படி நடந்து போறீங்கன்னு பாப்பேன். நீங்க நல்லாத்தான் போனீங்க” என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

மீதி தூரம் முழுக்க நடை. கடைசி ஒரு கிலோமீட்டர் மூன்று பேரும் இறங்கி, பட்டையைத் தளர்த்தி, குதிரையோடு நடந்தோம். பெரியவர் கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் நடக்கிற டெவிஸ் கோப்பைப் பந்தயத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். 1955லிருந்து நடக்கிறது, 24 மணி நேரத்தில் 100 மைல். நடுநடுவே மருத்துவர்கள் நாடி பிடித்துப் பார்த்து, தேறாத குதிரையை நிறுத்திவிடுவார்கள். முதலில் வந்தவருக்கு ஒரு கோப்பை. முதல் பத்துக்குள் வந்தவற்றில் எந்தக் குதிரை நல்ல நிலையில் இருக்கிறதோ அதற்குத் தனியாக இன்னொரு கோப்பை. என்னைக் குத்திக் காட்டச் சொன்னாரா, பொழுதுபோகச் சொன்னாரா தெரியவில்லை. சாந்தி என் தோளில் மூக்கைத் தேய்த்தாள். மன்னிப்பு என்று நினைக்காதே, தலைவார் அரித்திருக்கும்.

சரி. இப்போது அந்த விதி.

வேலித் திருப்பத்தில் நீ விழுந்த அன்று, நாய் குரைத்து உன் குதிரை கறுப்பன் மிரண்டான் என்று முதலில் சொன்னது நான். உன் பின்னால் வந்தவள் நான்தானே, எல்லாரும் என்னைத்தான் கேட்டார்கள். நாய் இருந்தது உண்மை. ஆனால் நீ விழுந்த பிறகுதான் அது ஓடி வந்தது.

நான் உன்னை முந்தப் பார்த்தேன், வசந்தி. திருப்பத்தில் திடீரென்று பக்கத்தில் வந்து ‘வழி விடு’ என்று கத்தி உன்னைத் திடுக்கிட வைக்க ஆசை. அவ்வளவுதான் காரணம், வேறு ஒரு மண்ணும் இல்லை. நீ முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாய், உனக்கு நான் தெரியவில்லை. குதிரைக்குக் கண் பக்கவாட்டில். மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் கொஞ்சம் தவிர, சுற்றிலும் தெரியும். நான் உன் முழங்காலுக்குக்கூட வந்து சேரவில்லை, கறுப்பன் என் குதிரையின் தலையைப் பார்த்துவிட்டான். பாய்ந்தான். நான் இழுத்து நிறுத்திக்கொண்டேன். நீ நிற்க முடியவில்லை.

உன் காறையெலும்பு கூடிய பிறகும் நீ வரவில்லை. ‘வசந்தி பயந்துட்டா’ என்று மாஸ்டர் சொன்னார். நானும் தலையாட்டினேன். அதற்கப்புறம் 2 வருடம் கறுப்பனை ஓட்டியது நான். அவன் மிரளுகிற குதிரையே இல்லை என்று உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். பாதியிலேயே குறுக்கே புகுந்து “விடுடி, பழைய கதை” என்பாய். அதை அவ்வளவு சீக்கிரம் கேட்க எனக்கு விருப்பமில்லை. உன்னை மறுபடி ஏறச் சொல்லவும் இதை எழுதவில்லை. நானே அடுத்த மாதம் பயிற்சி வளையத்தில் ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்ட வேண்டும், அதைப் பார்த்துத்தான் காட்டுக்குள் விடுவாளாம் அந்தப் பெண். சரி என்று ஒப்புக்கொண்டேன்.

திட்டி எழுது, ஆனால் எழுது. அத்தை கீழேயிருந்து கூப்பிடுகிறார். படி இறங்கப் பத்து நிமிடமாவது ஆகும்.

உன்,
மாலதி

பி.கு.: உன் தலைக்கவசம் என்னிடம்தான் இருக்கிறது, அன்று எடுத்து வந்தது. ஞாயிறு அன்று அதை எடுத்துப் பார்த்தேன். இடது காதுக்கு மேலே ஒரு கீறல், உள்ளே நுரைப்பஞ்சு பிளந்திருக்கிறது. ஒருமுறை அடிபட்டதை மறுபடி போடக் கூடாது, அதனால் அங்கே இரவல் வாங்கித்தான் போட்டுக்கொண்டேன். வேண்டுமானால் அனுப்பி வைக்கிறேன். எறிந்துவிடு என்றால் எறிந்துவிடுகிறேன்.