பாரதி பூங்கா குடிநீர்த் திருப்பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

புதுச்சேரி பாரதி பூங்காவில் நாம் எடுத்துக்கொண்ட வேலை முடிந்தது. குழாயில் தண்ணீர் வருகிறது. ஆயியின் கதையைச் சொல்லும் தமிழ்ப் பலகையும் வைத்தாயிற்று. இதற்கு ஏன் 'திருப்பணி' என்று பெயர் வைத்தீர்கள் என்று பொதுக்குழுவில் ஒருவர் கேட்டார். ஊருக்குத் தண்ணீர் தந்த ஆயிக்காக எழுந்த மண்டபத்தின் பக்கத்திலேயே, தாகத்தோடு வருகிறவருக்கு ஒரு வாய்த் தண்ணீர் கிடைக்காமல் இருந்தது. அதனால்தான்.

பலகைக்கு எழுதும்போது ஆயி கதையில்தான் அதிக நேரம் போனது. செவிவழியாக வரும் கதை இது: கிருஷ்ணதேவராயர் காலம். விளக்குகள் ஒளிரும் ஒரு மாளிகையைக் கோயில் என்று நினைத்து மன்னர் கும்பிட்டார். அது தாசி ஆயியின் வீடு என்று தெரிந்ததும் கோபம் வந்து, இடிக்கச் சொல்லி ஆணை பிறந்தது. ஆயி அழுது மன்றாடி, "என் வீட்டை நானே இடிக்கிறேன்" என்று அனுமதி வாங்கினாள். இடித்த இடத்தில் ஊருக்காக ஒரு குளம் வெட்டினாள். பின்னாளில் பிரெஞ்சுக்காரர்கள் முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்தபோது, இந்தக் கதை மூன்றாம் நெப்போலியன் காதுக்குப் போய், அவள் பெயரால் வெள்ளை மண்டபம் எழுந்தது என்பார்கள். இன்று புதுவை அரசின் சின்னத்தில் இருப்பதும் அதே மண்டபம்தான். ஓர் அரசு தன் முத்திரையில் தண்ணீர் தந்தவளின் நினைவை வைத்திருப்பதை எண்ணும்போதெல்லாம் எங்களுக்கு நெஞ்சு நிறைகிறது.

பூங்கா இருக்கும் பகுதியில்தான் முன்பு பிரெஞ்சுக்காரர்களின் லூயி கோட்டை இருந்தது. 1761-இல் ஆங்கிலேயர்கள் அதைத் தரைமட்டமாக்கினார்கள். பூங்காவுக்குப் பெயர் தந்த பாரதியார் 1908 முதல் 1918 வரை இந்த ஊரில் வாழ்ந்தவர். இவை இரண்டும் பலகையில் இரண்டே வரிகளில் உள்ளன.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் போட்ட தளத்தில் வாட்டம் சரியில்லை. குழாயடியில் தண்ணீர் தேங்கிப் பாசி பிடித்தது. ஒரு பாட்டி வழுக்கப் பார்த்தார். நல்லவேளை, பக்கத்தில் இருந்தவர் பிடித்துக்கொண்டார். அன்றே குழாயை மூடிவிட்டு, தளத்தைப் பெயர்த்து மறுபடி போட்டோம். திறப்பு தள்ளிப்போனது அதனால்தான். கேட்டுக்கேட்டுச் சலித்த உறுப்பினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். குழந்தைகளுக்கு எட்டும்படி ஒரு குழாயைத் தாழ்வாக வைக்கச் சொன்னது நம் மகளிர் உறுப்பினர்கள். அதிகம் பயன்படுவது அதுதான்.

அரசு மருத்துவமனையில் ஆளைச் சேர்த்துவிட்டு மர நிழலில் வந்து உட்காருகிறவர்கள் இப்போது பாட்டிலில் பிடித்துப்போகிறார்கள். காலை நடைக்கு வரும்போது நீங்களே பார்க்கலாம்.

வரவு செலவுக் கணக்கும் ரசீதுகளும் செயலாளரிடம் உள்ளன. யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். தொட்டி கழுவும் முறைப்பட்டியலில் இன்னும் சில ஞாயிற்றுக்கிழமைகள் காலியாக இருக்கின்றன. பெயர் கொடுங்கள்.

திருப்பணிக் குழு